அனுப்பியதெல்லாம் விற்றதாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினி விற்பனை கூடியது, குறைந்தது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் செய்திகளில் ஒரு குழப்பம் தொடர்கிறது. அவற்றுக்கு ஆதாரமான ஐடிசி, கார்ட்னர் என்ற சந்தை ஆய்வு நிறுவனங்களின் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் தயாரிப்பாளர்கள் அனுப்பிவைத்த கணினிகளின் எண்ணிக்கையையே சொல்கின்றன. கடைக்காரர் பில் போட்டுக் கொடுத்த எண்ணிக்கை வேறு. சாதாரணக் காலத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வரி உயரும், நாணய மதிப்பு சரியும் என்ற பேச்சு கிளம்பிவிட்டால் ஒன்று ஏற, மற்றது இறங்கும்.

2025 முதல் காலாண்டையே பாருங்கள். ஐடிசி கணக்குப்படி உலகெங்கும் சுமார் 6.3 கோடி கணினிகள் அனுப்பப்பட்டன. முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 5 சதவீதம் அதிகம். மக்கள் முண்டியடித்து வாங்கியதால் வந்த உயர்வு என்று இதைச் சொல்லிவிட முடியாது. அமெரிக்க இறக்குமதி வரி ஏறப்போகிறது என்று தெரிந்ததும் கம்பெனிகள் சரக்கை முன்கூட்டியே கொண்டுபோய் கோடவுன்களில் அடுக்கியதும் அதில் சேர்த்தி. ஏப்ரல் 2-ல், பிற நாடுகளுக்குப் பதிலடி என்று அமெரிக்கா சொன்ன 'பரஸ்பர வரி' அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 11-ல் கணினிகளுக்கு அதிலிருந்து விலக்கு வந்தது. கப்பலில் சரக்கு வர வாரக்கணக்கில் ஆகும்போது, ஆர்டர் போடும் நாளில் ஒரு வரி, துறைமுகத்தில் இறக்கும் நாளில் இன்னொரு வரி என்றால் யார் திட்டமிட முடியும்? இந்தியாவிலும் 2023 ஆகஸ்ட் 3-ல் மடிக்கணினி இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்றார்கள். மறுநாளே அக்டோபர் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள்.

அவசரமாகக் குவித்த சரக்கு பிறகு கழுத்தைப் பிடிக்கும். ஒரு டீலர் மாதம் 100 கணினி விற்கிறார், இரண்டு மாதத்துக்கான 200-ஐ ஸ்டாக் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். விற்பனை 10 சதவீதம் குறைந்து 90 ஆகிறது. இனி 180 இருந்தால் போதும் என்று நினைத்தால், கையில் மிஞ்சும் 110 போக 70-க்குத்தான் ஆர்டர் போடுவார். விற்பனையில் 10 சதவீத சரிவு, ஆர்டரில் 30 சதவீதம் ஆகிவிட்டது. பயந்துபோய் ஒரு மாத ஸ்டாக் போதும் என்று முடிவெடுத்தாலோ, அந்த மாதம் ஆர்டரே கிடையாது! கடன் வட்டி ஏறும்போது பலரும் எடுக்கும் முடிவு இதுதான். பெருந்தொற்றுக் காலத்தில், 2021-ல் உலகெங்கும் அனுப்பிய கணினிகளின் எண்ணிக்கை 34 கோடியைத் தாண்டியது; அது 2023-ல் சுமார் 26 கோடிக்கு விழுந்ததில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

நிறுவனங்கள் வாங்குவது வேறு மாதிரி. நிலைமை தெளியும்வரை மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் கணினியை ஐந்தாம் ஆண்டுக்கும் இழுப்பார்கள். வாரன்டியை நீட்டி, பேட்டரி மாற்றி, 8 ஜிபி ராமை (தற்காலிக நினைவகம்) 16 ஆக்கி, ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு ஓட்டுவார்கள். மெல்லிய லேப்டாப் பலவற்றில் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே இந்த வழி அடைபடும். மென்பொருள் கெடு வேறு இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். பழைய பிராசஸரோடு எவ்வளவு ராம் சேர்த்தும் பயனில்லை. ஆகவே தள்ளிப்போட்ட கொள்முதல், பொருளாதாரம் மந்தமாக இருக்கும்போதும் ஒரு நாள் மொத்தமாக வந்து நிற்கும். அதை வளர்ச்சி என்று தலைப்பிடுவது தவறு.

எனவே இத்தகைய செய்தியை வெளியிடும்போது, டீலர்களிடம் ஸ்டாக் ஏறியதா இறங்கியதா என்பதையும், வாங்கியது வீடுகளா, நிறுவனங்களா, அரசு டெண்டரா என்பதையும் சேர்த்துப் போட வேண்டுகிறோம்.

மொத்தமாக வாங்குவோருக்கும் ஒன்று. டாலர் ஆடும் காலத்தில் 30 நாள் செல்லும் கொட்டேஷன் 7 நாளாகச் சுருங்கும். அடியில் சிறிய எழுத்தில் 'விலை மாற்றத்துக்கு உட்பட்டது' என்றும் இருக்கும். டெலிவரிக்கு முன் வரியோ டாலர் மதிப்போ மாறினால் கூடுதல் தொகை யாருடையது என்பதைப் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
கணினி வணிகத் துறை வாசகர்கள்