ரெஃப்ரி சார், கோச்சைக் கோட்டுக்குள் நிறுத்துங்கள்

சென்னையில் சிறுவர் கால்பந்துப் போட்டிகள் நடத்துபவர்களுக்கும், அங்கே விசிலோடு வரும் ரெஃப்ரிகளுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்டர்-13 ஆட்டத்தில் நடந்தது உங்களுக்கே தெரியும். ஒரு கோச் டச்லைனை, அதாவது மைதானத்தின் பக்கவாட்டுக் கோட்டை, தாண்டி இரண்டடி உள்ளே வந்து கத்திக்கொண்டிருந்தார், கொடியோடு ஓடிவந்த லைன்ஸ்மேன் அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது, அந்த நேரத்தில் ஒரு ஆஃப்சைடைக் கோட்டைவிட்டார், அதற்கும் அதே கோச்சிடம் திட்டு வாங்கினார். அவர் எங்கள் டீம் கோச்தான், அதனால் எதிரணிமேல் பழி போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ரெஃப்ரி தூரத்திலிருந்தே கையைக் காட்டி “உள்ளே போங்க சார்” என்றார். ஆறு முறை எண்ணினேன். ஆறு முறையும் கைதான், கார்டு வரவே இல்லை.

என் மகன் லெஃப்ட் பேக், இடது ஓரத்தில் தடுப்பு ஆடுபவன். இரண்டு பெஞ்சும் ஒரே பக்கம் என்பதால் ஒரு பாதியில் கோச்சின் காலடியில் ஆடுவான், டீம்கள் இடம் மாறும் மறு பாதியில் எதிர்ப்பக்கம் போய்விடுவான். எதிர்ப்பக்கம் ஆடும்போது தலை நிமிர்ந்து பார்த்து பாஸ் போடுகிறான், பயமில்லாமல் மேலே ஏறுகிறான். பெஞ்ச் பக்கம் வந்துவிட்டாலோ பந்து காலுக்கு வரும் முன்பே கண் கோச்சிடம் போய்விடுகிறது. “அடி”, “வெச்சுக்கோ”, “மேல போ”, “எருமை” எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும், எதைக் கேட்பது என்று தெரியாமல் பந்தை வெளியே உதைத்துவிடுவான். இப்போதெல்லாம் ஷூ லேஸ் கட்டும்போதே கேட்கிறான், “அப்பா, இன்னைக்கு பெஞ்ச் எந்தப் பக்கம்?” அவனுக்கு 12 வயது.

புதிதாக எதையும் கேட்கவில்லை. உட்காரும் இடத்துக்கு இரு பக்கமும் ஒரு மீட்டர், முன்னால் டச்லைனுக்கு ஒரு மீட்டர் இருக்கும்வரை, அதுதான் கோச்சின் எல்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் யோசனை சொல்லலாம். எப்போதாவது எல்லை தாண்டினால் எச்சரிக்கை, திரும்பத் திரும்பத் தாண்டினால் மஞ்சள், ரெஃப்ரியோடு மல்லுக்கட்ட மைதானத்துக்குள் வந்தால் சிவப்பு. கோச்சுக்கும் கார்டு காட்டலாம் என்று 2019-லேயே விதியில் வந்துவிட்டது. யார் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பெஞ்சில் இருக்கும் மூத்த கோச்சுக்குக் கார்டு. ஆகவே ஒருமுறை எச்சரியுங்கள், அடுத்த முறை கார்டைக் காட்டுங்கள்.

ரெஃப்ரிகளின் கஷ்டமும் புரிகிறது. கல்லூரிப் பையனிடம் விசிலைக் கொடுத்து வெயிலில் அடுத்தடுத்து நான்கு ஆட்டம் நடத்தச் சொல்கிறீர்கள். எதிரே நிற்கும் கோச் அவனைவிட இருபது வயது மூத்தவர், அடுத்த மாதம் அவரே போட்டி நடத்தி இவனைக் கூப்பிட வேண்டியவர். அவன் எப்படிக் கார்டை எடுப்பான்? அவன் பின்னால் நிற்க வேண்டியது போட்டி நடத்தும் நீங்கள்தானே. டீமுக்கு டீம் பணம் வாங்குகிறீர்கள், விருந்தினருக்குச் சால்வை வாங்குகிறீர்கள், பெஞ்சைச் சுற்றிக் கோடு போட ஒரு படி சுண்ணாம்பு கிடைக்கவில்லையா?

சரி, கோபத்தில் பேச்சு வளர்ந்துவிட்டது, மன்னிக்கவும். பெற்றோர் நாங்களும் கத்துகிறோம், எங்களையும் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்துங்கள்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு எங்களுக்கு ஆட்டம். ஆறரைக்கே சுண்ணாம்புப் பொடியோடு வந்துவிடுகிறேன், கோட்டை நானே போடுகிறேன், அனுமதி மட்டும் கொடுங்கள். அதைத் தாண்டினால் ஒருமுறை எச்சரிக்கை, அடுத்தது கார்டு. தயவுசெய்து.

இப்படிக்கு,
ஒரு லெஃப்ட் பேக்கின் அப்பா