கொலுசுப் பட்டறைக் கணக்கும் பி.காம். படிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பி.காம். முடித்த பிள்ளைகள் டேலி (கணக்கு மென்பொருள்) சான்றிதழோடு சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் வேலை கேட்கிறார்கள். பில் பதிவதில் குறையில்லை. பதிந்ததைச் சரிபார்க்கத்தான் தெரிவதில்லை, சம்பளமோ அதற்குத்தான்.

மாதந்தோறும் தாக்கல் செய்யும் கடைக்கு டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரி) கட்ட 7-ஆம் தேதி, விற்பனைப் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, ஜிஎஸ்டி கட்டும் மாதக் கணக்கான 3பி-க்கு 20. இடையில் 14-ஆம் தேதி 2பி, அதாவது விற்றவர்கள் நம் எண்ணில் காட்டிய பில்களின் பட்டியல், வரும். அதைக் கொள்முதல் பதிவேட்டோடு பில் பில்லாக ஒப்பிட வேண்டும். பில் கையில் இருந்தாலும் 2பி-யில் இல்லையென்றால் அந்த மாதம் உள்ளீட்டு வரி (கொள்முதலில் கொடுத்த ஜிஎஸ்டியின் கழிவு) எடுக்க முடியாது. விற்றவர் தாக்கல் செய்திருக்கமாட்டார், அல்லது நம் ஜிஎஸ்டி எண்ணைப் போடாமல் சில்லறை விற்பனையாகக் காட்டியிருப்பார். 20-ஆம் தேதி காலையில் போன் போட்டால் வேலைக்கு ஆகாது. விற்றவரின் எண் தமிழ்நாட்டுக் குறியீடான 33-இல் தொடங்கவில்லையா? அது வெளிமாநிலச் சரக்கு; ஐஜிஎஸ்டி-யில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளிக் கணக்கு இன்னும் சிக்கல். பட்டறைக்குக் கூலி வேலைக்குக் கொடுக்கும் வெள்ளிக் கட்டி விற்பனை அல்ல, டெலிவரி சலானில் (சரக்கு அனுப்பும் சீட்டில்) போக வேண்டும். ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் கொடுத்த நாளிலேயே விற்றதாகச் சட்டம் கொள்ளும்; வரியோடு வட்டியும் ஏறும். ரூபாய்க் கணக்கோடு கிராம் கணக்கும் தேவை: கொடுத்த எடை, வந்த எடை, டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி), சேதாரம் (வேலையில் வீணாவது), மீதி. 1 கிலோ சுத்த வெள்ளி போய், 80 டச்சில் 1 கிலோ கொலுசு வந்தால் எடை நேராகிவிடும். ஆனால் அதில் வெள்ளி 800 கிராம்தான். மீதி 200 கிராமில் சேதாரம் போக உள்ளதற்குப் பட்டறைதான் பதில் சொல்ல வேண்டும். டச் பத்தி இல்லாத பதிவேட்டில் இது தெரியவே தெரியாது.

பெரியார் பல்கலைக்கழகமும் அதன்கீழ் உள்ள கல்லூரிகளும் கடைசி செமஸ்டரில் ஒரு கடையின் ஒரு மாதக் காகிதக் கட்டை மாணவர் கையில் கொடுக்கலாம். கொள்முதல் பில் 40, வங்கி ஸ்டேட்மெண்ட், 2பி நகல், சலான் 5. உள்ளே வேண்டுமென்றே சில பிழைகள். சஸ்பென்ஸ் கணக்கில் (விவரம் தெரியாத தொகையை ஒதுக்கும் கணக்கில்) ஒரு ரூபாய்கூடத் தள்ளாமல் முடிப்பவருக்கு முழு மதிப்பெண். சி.ஏ. போக நினைப்பவருக்கும் இது வீணல்ல. பி.காமில் 55 சதவீதம் எடுத்தவர் முதல் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமலே அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம். பிறகு வரும் இரண்டாண்டு ஆர்ட்டிகிள்ஷிப்பில் (ஆடிட்டரிடம் பெறும் பயிற்சியில்) கையில் கொடுப்பது இதே போன்ற கட்டைத்தான்.

- கணக்குப் பணியாளர்கள் சிலர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம் - 2