வாலஸ் ஓடையும் 1857 கணக்கும்

அன்புள்ள செல்வம்,

கலிபோர்னியாவின் கரிசோ சமவெளிக்குப் போகிறாய் என்று படித்ததும் மகிழ்ச்சி. நிலத்தட்டுகள் இரண்டு ஒன்றையொன்று உரசி நகரும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவைப் பார்க்க அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. வாலஸ் ஓடை டெம்ப்ளர் மலையிலிருந்து தென்மேற்காக இறங்கும். பிளவைத் தொட்டதும் வலப்பக்கம் ஒடிந்து, ஏறத்தாழ 130 மீட்டர் பிளவை ஒட்டியே ஓடி, பிறகு இடப்பக்கம் திரும்பிப் போகும். அந்தத் தடம் வெட்டப்பட்டுச் சுமார் 3,700 ஆண்டுகள். வகுத்தால் சராசரியாக ஆண்டுக்கு 35 மில்லிமீட்டர் நகர்வு. ஆனால் அங்கே ஆண்டுதோறும் நகர்வதில்லை. பிளவு பூட்டிக் கிடந்து, நிலநடுக்கம் வரும்போது மொத்தமாக உதறும்.

1857 நிலநடுக்கத்தில் அங்கே நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று கேட்டாய், அதற்கு வருகிறேன். அந்த ஆண்டு ஜனவரி 9 நிலநடுக்கத்தில் நிலம் 9 மீட்டர் நகர்ந்தது என்பது பழைய பாடம். அளவு தப்பில்லை, சில சிறு வாய்க்கால்கள் அவ்வளவு விலகித்தான் நிற்கின்றன. மழை குறைந்த மண் செய்யும் சூழ்ச்சி அது. தடம் அழியாமல் கிடப்பதும் மழைக் குறைவால்தான், புதுத் தடம் பிறக்கத் தாமதமாவதும் அதனால்தான். இரு நிலநடுக்கங்களுக்கு நடுவே நல்ல வெள்ளம் வராவிட்டால், ஒரே வாய்க்கால் இரண்டு நகர்வையும் சுமக்கும். 2010இல் வெளிவந்த லைடார் (லேசர் ஒளியால் தரையின் மேடுபள்ளத்தை அளக்கும் முறை) ஆய்வு, நேரில் கண்ணுக்குத் தப்பிய ஆழமற்ற பள்ளங்களைக் காட்டியது. 1857இன் சராசரி நகர்வு 5.3 மீட்டருக்கு இறங்கிவிட்டது. ஆண்டுக்கு 35 மில்லிமீட்டர் கணக்கில் அடுத்த உதறலுக்கு 9 மீட்டர் சேர 260 ஆண்டு வேண்டும், 5.3க்கு 150 போதும். 1857க்குப் பிறகு அந்த 150 ஏற்கெனவே கடந்துபோயிற்று!

வாய்க்கால்களின் விலகலை நீ அளக்கும்போது வளைவில் நாடாவை வைக்காதே. பிளவுக்குச் சற்று மேலேயும் கீழேயும் வாய்க்கால் நேராக இருக்கும் பகுதியைப் பிடி. அடிமட்டக் கோடு, இரு கரை விளிம்புகள் என மூன்றையும் பிளவுவரை நீட்டி, மூன்று விலகலையும் தனித்தனியே எழுது. கரை சரிந்திருந்தால் மூன்றும் ஒத்துவராது. ஒரு மீட்டருக்கு மேல் முரண்பட்டால் அந்த வாய்க்காலை விட்டுவிடு. சரிவின் போக்கில் இயல்பாகவே வளைந்த தடமும் விலகல் போலத் தெரியும். பக்கத்து வாய்க்கால்களும் அதே எண்ணைச் சொல்கின்றனவா என்று பார்.

சாய்வெயிலில் போ, உச்சிப்பொழுதில் ஆழமற்ற பள்ளம் நிழல் காட்டாது. எல்க்ஹார்ன் மண் சாலை மழை பெய்தால் சேறாகிவிடும். உள்ளே பெட்ரோலும் கிடையாது, குடிநீரும் கிடையாது.

அளவுகளை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
முருகேசன்