புகார்: ஒரு ப்ளோவர் மோட்டாருக்கு மூணு தடவை பாலம் தாண்டுனது போதும்

கஸ்டமர் சர்வீஸ் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். என் காடியில (கார்ல) ஏர்கோன் காத்த தள்ற ப்ளோவர் மோட்டார் கெட்டதப் பத்தி மலாய்ல ரெண்டு தடவை எழுதிட்டேன், ரெண்டு தடவையும் ரெஃபரென்ஸ் நம்பர் மட்டும்தான் வந்திச்சி. உங்க பிராஞ்ச் மேனேஜருக்கு தமிழ் நல்லா வரும்னு கவுண்டர்ல சொன்னாங்க, அதனால இந்தத் தடவை எனக்கு கோவம் ஒழுங்கா வர்ற பாஷையிலயே எழுதறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

மொதல்ல அந்த ஃபோன் விஷயம். போன வியாழக்கிழமை உங்க கால் சென்டருக்கு அடிச்சி 35 நிமிஷம் பாட்டு கேட்டதுக்கு அப்புறம் ஒரு தம்பி எடுத்தாரு. உங்க கொட்டேஷன்ல இருந்த பேரத்தான் படிச்சேன், ஹீட்டர் ப்ளோவர் மோட்டார்னு. உடனே சிரிக்கறாரு. "ஆன்ட்டி, உங்க மாடல்ல ஹீட்டரே கெடையாது, இல்லாத சாமானுக்கு எப்படி வாரண்டி கேக்கறீங்க?" ஐயா, ஹீட்டர் இருந்தாலும் இல்லாட்டியும் டேஷ்போர்டுக்குள்ள காத்த தள்றது அந்த ஒரே மோட்டார்தான், ஏர்கோனுக்கும் அதேதான், பினாங்கு வெயில்ல எவன் ஹீட்டர் போடப் போறான்? காடி விக்கற கம்பெனிக்கு இத நான் சொல்லிக் குடுக்கணுமா? சொன்னேன், பொறுமையாத்தான் சொன்னேன். "அவ்ளோ தெரிஞ்சா யூடியூப் பாத்து நீங்களே மாத்திக்கோங்க"ன்னு ஃபோன வெச்சிட்டாரு. எனக்கு 52 வயசு, என் மவன் கூட என்கிட்ட அப்படிப் பேசனதில்ல.

பிரச்சனை ஆரம்பிச்சது ஜனவரில. ப்ளோவர் ஸ்பீட் 1, 2, 3ல காத்தே வரல, 4ல மட்டும் வருது. மோட்டார் வேகத்தக் கொறைக்கற ரெசிஸ்டர் போச்சின்னு உங்க ஆளு சொன்னாரு, சரிதான், 4ல வைக்கும்போது கரண்ட் ரெசிஸ்டர் வழியா போகாது, நேரா மோட்டாருக்குப் போயிரும், அதனால அது மட்டும் ஓடும். 140 வெள்ளி (ரிங்கிட்) கட்டி மாத்தனேன். அஞ்சே வாரம், மறுபடியும் அதே கதை. மறுபடியும் ரெசிஸ்டர், மறுபடியும் 140 வெள்ளி, அது வாரண்டில வராதாம், தேயற சாமானாம். அஞ்சு வாரத்துல தேயறதுக்கு அது என்ன செருப்பா? புதுசு ஏன் எரிஞ்சிச்சின்னு ஒருத்தரும் யோசிக்கல, பழைய ப்ளக் ஓரம் உருகிப் போயிருந்தத நான் காட்டியும் பாக்கல.

ரெண்டாவது ரெசிஸ்டர் போட்டு ஒரு மாசம் கூட ஆவல, இந்தத் தடவை 4லயும் காத்து இல்ல. பிறையில எங்க தாமான்ல (குடியிருப்புல) ஒரு போமேன் அண்ணன், காடி ரிப்பேர் பண்றவரு, இருக்காரு, பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சாரு. க்ளவ் பாக்ஸ எறக்கனாரு, ப்ளக்குல மீட்டர் வெச்சா 12 வோல்ட் வருது, மோட்டார் சுத்தல. ஸ்க்ரூ டிரைவர் பிடியால ரெண்டு தட்டு தட்டனாரு, சுத்துது. "மோட்டார் உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சிருச்சி அக்கா, பேரிங்கும் இறுகிப் போச்சி, அதான் கரண்ட் அதிகமா இழுத்து ரெசிஸ்டர எரிக்குது. மோட்டார மாத்தாம ரெசிஸ்டர் மட்டும் போட்டா காசுதான் போவும்." உங்க சர்வீஸ் சென்டர்ல இந்த மீட்டர் இல்லியா?

அண்ணனே மாத்தித் தர்றேன்னாரு, மூணு ஸ்க்ரூ ஒரு ப்ளக், அரை மணி நேர வேலையாம். வெளிய கை வெச்சா வாரண்டி போயிரும்னு பயந்து நாந்தான் வேணாம்னேன். என் புத்திய செருப்பால அடிக்கணும்.

அப்புறம் மோட்டாருக்காக நான் வந்த அந்த மூணாவது நாள். "பார்ட் வந்திருச்சி, வாங்க"ன்னு நீங்கதான் வாட்ஸ்அப் அனுப்பனீங்க. இந்தப் பக்கம் இருக்கற பிராஞ்ச்ல வாரண்டி வேலை செய்யறதில்லன்னு என்னை பாலம் தாண்டி தீவுல இருக்கற பாயான் லெப்பாஸுக்கு அனுப்பனதும் நீங்கதான். அரை நாள் லீவு, டோல் காசு, பாலத்துல ஜாம், நடுவுல மழை புடிச்சிக்கிச்சி. ப்ளோவர் இல்லாம கண்ணாடி உள்பக்கம் பூரா பனி மூடிருச்சி, எறக்கனா மழை உள்ள, ஏத்தனா ரோடு தெரியல, ஒரு கையில டிஸ்யூ வெச்சி தொடச்சிக்கிட்டே ஓட்டறேன், பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான், முருகான்னு கத்திட்டேன். போய்ச் சேர்ந்தா பெட்டியத் தொறந்து காட்டறாங்க.

ரெசிஸ்டர்.

தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அம்மாவ இந்தக் காடியிலதான் கூட்டிப் போனேன், 4ல வெச்சி அந்தச் சத்தத்துல அம்மாவுக்குத் தலைவலியே வந்திருச்சி, அதுவும் உங்க கணக்குலதான் சேரும். எல்லாம் கூட்டனா எனக்கு ஏகப்பட்ட நஷ்டம், நிம்மதி போனத இன்னும் சேக்கல.

தயவு செஞ்சி கேக்கறேன், காடிக்கு இன்னும் அஞ்சு வருஷ வாரண்டி முடியல, மோட்டார இலவசமா மாத்திக் குடுங்க, உருகன ப்ளக்கையும் சேத்து. ரெண்டு ரெசிஸ்டர் காசு 280 வெள்ளி திருப்பிக் குடுங்க. அந்தத் தம்பி எனக்கு ஃபோன் பண்ணி மன்னிப்பு கேக்கட்டும், வேலைய விட்டு தூக்க வேணாம், பாவம்.

14 நாள் பாப்பேன். அப்புறம் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போவேன், அதுக்கும் மசியலன்னா பயனீட்டாளர் நடுவர் மன்றம். அங்க வக்கீல் வேணாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், கேஸ் பதிய 5 வெள்ளிதான். பாலத்து டோல விட கம்மி.

பில்லு ரெண்டும், வாட்ஸ்அப் மெசேஜும், உருகன ப்ளக் படமும் இணைச்சிருக்கேன். இனிமே கூப்பிடறதா இருந்தா மோட்டார் பெட்டியத் தொறந்து பாத்துட்டு கூப்பிடுங்க.

இப்படிக்கு,
பிறையிலிருந்து உங்க கஸ்டமர், இன்னிக்கு வரைக்கும்