எம்மாவிடம் ஏன் சொல்லவில்லை? அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் மோர்மன் திருச்சபையில் சேர அடுத்த மாதத்துக்குக் குறித்திருந்த ஞானஸ்நானத்தை நான் பெறப்போவதில்லை. தொலைபேசியில் சொன்னால் நீங்கள் அழுவீர்கள், நானும் மனம் இளகிச் சரியென்று சொல்லிவிடுவேன் என்பதால்தான் எழுதுகிறேன். ஊரறிய எழுதுவதற்குக் காரணம், என் கணவர்தான் தடுத்துவிட்டார் என்று நம் சொந்தத்தில் ஒரு பேச்சு உலவுவது. அவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. உங்கள் சமையலறையில் நீங்கள் என்னிடம் தனியாகச் சொன்ன எதையும் இங்கே எழுத மாட்டேன். அத்தான் வீட்டார் யாராவது இதை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படிக்கக்கூடும் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

மோர்மன்களின் பழைய ஊரான நாவூவில் அந்தச் சிவப்புச் செங்கல் கடையின் மாடியறையில் நான் கேட்ட கேள்விக்காக நீங்கள் இன்னும் என்மேல் வருத்தமாக இருக்கிறீர்கள். ஜன்னலுக்கு வெளியே மிசிசிப்பி தெரிந்தது. நீங்கள் என் தோளில் கைபோட்டு, 1842 மார்ச் 17 அன்று இங்கேதான் பெண்களுக்கென்று ரிலீஃப் சொசைட்டி என்ற சங்கம் தொடங்கியது, திருச்சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் மனைவி எம்மா ஸ்மித் தலைவியானார் என்று, ஏதோ நம் பாட்டி வீட்டைக் காட்டுவதைப் போன்ற பெருமையோடு சொன்னீர்கள். உங்கள் மாமியார் கண் கலங்கியிருந்தார். அந்த நேரம் பார்த்து நான், "கூட்டக் குறிப்பு எழுதிய எலைசா ஸ்னோ மூன்று மாதத்தில் ஜோசப் ஸ்மித்தின் மனைவியானது எம்மாவுக்குத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். உங்கள் கை என் தோளிலிருந்து இறங்கிவிட்டது. உங்கள் மாமியார் முன்னால் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், அக்கா. ஆனால் கேட்டதற்கு அல்ல. தமிழில் நான் கேட்டபோதெல்லாம் நீங்கள் பேச்சை மாற்றினீர்களே, அதையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

ஜோசப்புக்கு எத்தனை மனைவிகள் என்பது என் சிக்கல் இல்லை. திருச்சபையே 2014இல் வெளியிட்ட கட்டுரையில் முப்பது முதல் நாற்பது வரை என்ற மதிப்பீடும், அவர்களில் ஏற்கெனவே கணவன் உள்ள பெண்கள் பன்னிரண்டு முதல் பதினான்கு பேர் என்பதும், ஹெலன் மார் கிம்பால் பதினைந்து வயது நிறையாத சிறுமி என்பதும் இருக்கின்றன. நீங்கள் அதைப் படித்திருக்கிறீர்கள். எனக்குப் பாடம் நடத்த ஆட்களை அனுப்புவதற்கு முன்பே படித்திருக்கிறீர்கள் என்பதுதான் உறுத்துகிறது.

எம்மாவின் ஆலோசகராக அதே அறையில் அமர்ந்த எலிசபெத் ஆன் விட்னியின் மகள் சாரா ஆனுக்கு 1842 ஜூலை 27 அன்று, பதினேழு வயதில், ஜோசப்போடு மணம் நடந்தது. பெற்ற தகப்பனே அதை நடத்திவைத்தார். மூன்று வாரம் கழித்து, தலைமறைவாக இருந்த ஜோசப் அந்தக் குடும்பத்துக்குக் கடிதம் எழுதி, தன்னை வந்து பார்க்கச் சொல்கிறார். எம்மா வரும் நேரத்தை மட்டும் தெரிந்துகொண்டு விலகியிருங்கள், அவள் இல்லாதபோது ஆபத்து இல்லை, படித்ததும் இதை எரித்துவிடுங்கள் என்கிறார். அவர்கள் எரிக்கவில்லை. உருவிய வாளோடு தேவதூதன் வந்து, பல பெண்களை மணக்கும்படி கட்டளையிட்டதாக அவர் சொன்னதை நீங்கள் நம்புகிறீர்கள். நம்புங்கள், அதில் நான் குறுக்கே நிற்கவில்லை. வாளுக்கு அஞ்சி மணந்தவர், கட்டிய மனைவிக்கு அஞ்சி ஏன் மறைத்தார் என்றுதான் கேட்கிறேன்.

பார்ட்ரிஜ் சகோதரிகளின் கதையைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. எம்மாவின் வீட்டிலேயே தங்கி வேலை செய்த எமிலி, எலைசா இருவரையும் 1843 மார்ச்சில் ஜோசப் இரகசியமாக மணந்தார். மே மாதம் எம்மா எப்படியோ மனம் இசைந்து, தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது இந்த இரண்டு பெண்களைத்தான். முன்பே முடிந்த கல்யாணத்தை அவருக்குத் தெரியாமல் மறைக்க, அவர் கண்முன்னே இன்னொரு முறை சடங்கு நடத்தினார்கள். முதல் மனைவியின் சம்மதம் கேட்கவேண்டும் என்று கடவுள் சொன்னதாக ஜோசப் தந்த வெளிப்பாடு எழுத்தில் வந்தது 1843 ஜூலை 12இல். பெரும்பாலான மணங்கள் அதற்கு முன்பே முடிந்திருந்தன. அதிலும், ஏற்காவிட்டால் அழிக்கப்படுவாள் என்று எம்மாவின் பெயரைச் சொல்லியே எச்சரிக்கை இருக்கிறது.

ஜோசப் மணந்தவர்களில் இன்னொருவரான ஸைனாவைப் பற்றி நீங்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: கணவன் உள்ள பெண்களோடு நடந்த முத்திரையிடுதல், அதாவது உங்கள் திருச்சபையின் மணச்சடங்கு, பல, மறுமைக்கு மட்டுமானவை, இம்மையில் அவர்கள் கணவனோடுதான் வாழ்ந்தார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஹென்றி ஜேக்கப்ஸை 1841 மார்ச்சில் மணந்து, வயிற்றில் பிள்ளையோடு இருந்தவரை, அதே ஆண்டு அக்டோபரில் ஸைனாவின் அண்ணனே ஜோசப்புக்கு முத்திரையிட்டுக் கொடுத்தார். ஜோசப் கொல்லப்பட்ட பிறகு 1846 பிப்ரவரியில், அடுத்துத் தலைமையேற்ற பிரிகாம் யங்குக்கு முத்திரையிட்டது மறுமைக்கு அல்லவே, அக்கா, இம்மைக்கு. ஹென்றி அங்கே சாட்சியாக நின்றார். ஸைனா அப்போது அவருடைய இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். பின்னர் ஹென்றியை ஊழியத்துக்கு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். திருச்சபை குடிபெயர்ந்த யூட்டாவில் ஸைனா பிரிகாமின் மனைவியாக வாழ்ந்து ஒரு மகளைப் பெற்றார். அவருக்கு ஹென்றி எழுதிய ஏக்கக் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன.

ஸைனாவை எனக்குப் பிடிக்கும். அதை உங்களிடம் சொன்னதே இல்லை. புழு என்றாலே அருவருப்புக் கொண்டவர், யூட்டாவில் பட்டுத்தொழில் வளரவேண்டும் என்று பட்டுப்புழு வளர்த்தார். பிற்காலத்தில் ரிலீஃப் சொசைட்டிக்கே தலைவியானார். அவர் ஏமாளி இல்லை. மனதார நம்பி ஏற்றதாகத்தான் சொன்னார். உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய தியாகம் என்றும் சொன்னார். நீங்களும் அப்படி ஒரு மனுஷிதான் என்பதால் உங்களிடம் வாதாட எனக்குக் கை வரவில்லை. ஆனால் அவருடைய விசுவாசத்தைக் காட்டி எம்மாவின் வாயை அடைப்பது என்ன நியாயம்? யூட்டாவுக்குப் போகாமல் நாவூவிலேயே தங்கிவிட்டதற்காக எம்மாவைப் பலகாலம் தூற்றியவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

1890இல் கைவிட்ட பலதார வழக்கத்தை இன்று ஏன் கிளறுகிறாய் என்பீர்கள். கிளறவில்லை. தெரிந்துகொண்டு சம்மதிப்பது ஒன்று. சம்மதித்த பிறகு தெரிந்துகொள்வது வேறு. எனக்கு இரண்டாவது வேண்டாம்.

குறித்த நாளுக்கு அத்தான் வீட்டார் பயணச்சீட்டு எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ரத்து செய்யச் சொல்லுங்கள். பணம் திரும்பி வராவிட்டால் நான் தந்துவிடுகிறேன். வெறும் விருந்தாளியாக வருவதானால் வரட்டும், சமைத்துப் போடுகிறேன். நீங்கள் கொடுத்த புத்தகங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள், அவை என்னிடமே இருக்கட்டும். பதில் எழுதினால் எனக்குத் தனியாக எழுதுங்கள், இங்கே வேண்டாம்.

உங்கள் தங்கை