இழுவைக் கயிற்றுக்குப் புரி கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எட்டு மாதங்களாக என் மேசையில் அரைகுறையாக நின்றிருந்த 1/35 அளவுச் (உண்மை வண்டியில் 35-இல் ஒரு பங்கு) செஞ்சூரியன் டாங்கி மாதிரி, சென்ற ஞாயிற்றுக்கிழமை முழுமை பெற்றது. அதன் உடல்மேல் கிடக்கும் இழுவைக் கயிறுகள் இரண்டும் தலா 14 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளமும் 0.8 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டவை. இந்தச் சிறு பொருளுக்குத் திருச்செங்கோடு, கோவை, பொள்ளாச்சி ஆகிய மூன்று ஊர்களின் கைத்தொழில் அறிவு தேவைப்பட்டது. உதவிய ஒவ்வொருவருக்கும் நேரில் நன்றி கூறிவிட்டேன். ஆயினும், யார் எதைக் கற்றுத் தந்தார்கள் என்பது டாங்கி மாதிரி செய்யும் மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, இராணுவத்தின் இ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியாளர்) பிரிவில் பழுதான டாங்கிகளை மீட்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது எங்கள் தெருவிலேயே வசிக்கும் பெரியவருக்கு. செஞ்சூரியனையும், 1965-இல் முதன்முதலாக வந்த விஜயந்தா டாங்கியையும் சேற்றிலிருந்து இழுத்துக் கரையேற்றிய கைகள் அவருடையவை. தையல் நூலுக்கு மெழுகு தடவிக் கறுப்பு வண்ணம் பூசி நான் முதலில் செய்த கயிற்றை அவரிடம் காட்டியபோது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "தம்பி, வயர் ரோப்புக்குக் கனம் இருக்கோணும். இது காத்துல பறக்குற மாதிரி கெடக்குதுங்க" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. மெழுகையும் மீறி நூலில் பஞ்சு சிலிர்த்து நின்றது. வளைவுகளில் கயிறு டாங்கியின் தகட்டைத் தொடாமல் எழும்பி நின்றது. ஏறத்தாழ 50 டன் எடையுள்ள வண்டியை இழுக்கும் கயிறு, தன் பாரத்தாலேயே தகட்டின்மேல் படிந்து, தாங்கு கொக்கிகளுக்கு இடையில் மெல்லத் தொய்ந்து கிடக்க வேண்டும். அன்று அவர் பேசிய அரை மணி நேரத்தில், இரண்டு கயிறுகளை நேராக மாட்டாமல் பெருக்கல் குறிபோலக் குறுக்காக மாட்டினால்தான் பின்னால் வரும் டாங்கி அலையாமல் தடம் பிடித்து வரும் என்பதையும், கயிறு விறைத்திருக்கும்போது பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது, அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி அடிக்கும் என்பதையும் அறிந்துகொண்டேன்.

அதன்பின் வலைவழி விற்பனையாளர் ஒருவரிடம் ஆயத்தமான உலோகக் கயிறு வாங்கினேன். அது வில்போல நிமிர்ந்துகொண்டு எந்த வளைவுக்கும் அடங்கவில்லை. திருப்பித் தரவும் வழியில்லை. நாமே திரிப்பது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளைப் பராமரிக்கும் அண்ணன் ஒருவர், கழித்துப்போட்ட வயர் ரோப்பிலிருந்து ஒரு சாண் துண்டை வெட்டிக் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து புரி புரியாகப் பிரித்துப் பார்த்த இரவை நான் மறக்கமாட்டேன். நடுவில் கிரீஸ் ஊறிய சணல் திரி. அதைச் சுற்றி 6 புரிகள். ஒவ்வொரு புரியிலும் 19 கம்பிகள். புரிக்குள் கம்பிகள் இடப்புறமாகவும், கயிற்றுக்குள் புரிகள் வலப்புறமாகவும் முறுக்கப்பட்டிருந்தன. இந்த எதிரெதிர் முறுக்கினால்தான், வெளியே தெரியும் ஒவ்வொரு கம்பியும் கயிற்றின் நீளவாட்டிலேயே ஓடுவதுபோல் கண்ணுக்குப் படுகிறது. நாம் செய்யும் பெரும்பாலான மாதிரிக் கயிறுகள் பொய்யாகத் தெரிவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு: எல்லாக் கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பக்கமாக முறுக்கிவிடுகிறோம். அப்படிச் செய்தால் கிடைப்பது முறுக்கிய கம்பி. அதைக் கயிறு என்று சொல்ல முடியாது.

புரிக்கு 19 கம்பி என்ற கணக்கை 1/35-க்குக் குறைத்தால் ஒவ்வொரு கம்பியும் 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்துவிடும். அது என் கைக்கு அடங்காது. ஆகவே புரிக்கு 7 கம்பி என்று வைத்துக்கொண்டேன். கை நீட்டும் தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு 7-க்கும் 19-க்கும் வேறுபாடு தெரியாது. முறுக்கின் திசை மட்டும் தெரிந்துவிடும். சணல் திரிக்குப் பதிலாக நடுவில் வைக்கும் புரியையும் சேர்த்துக் கயிற்றின் தடிமன் ஒரு கம்பியைப்போல 9 மடங்கு வரும். உண்மை டாங்கியின் 28 மில்லிமீட்டர் கயிறு 1/35 அளவில் 0.8 மில்லிமீட்டராக வேண்டுமென்றால், கம்பி 0.09 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு கோவை கணபதிப் பகுதியில் மோட்டார் வைண்டிங் கடை நடத்தும் அண்ணனிடம் போனேன். அவர் தாளைப் பார்த்ததும், "இது 43 கேஜுங்க" என்று சொல்லிவிட்டு, சின்ன டிரான்ஸ்பார்மருக்குச் சுற்றி மிஞ்சிய செம்புக் கம்பியைப் பாபினோடு எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். வைண்டிங் கம்பி ஏற்கெனவே பதப்படுத்தி மென்மையாக்கப்பட்டே வருகிறது, எனவே திரிப்பதற்கு முன் சூடு காட்டத் தேவையில்லை என்று அவர் சொன்னது எனக்குப் பல நாள் வேலையை மிச்சப்படுத்தியது.

ஆனாலும் திரிக்க வரவில்லை. முறுக்கி முடித்துக் கையை விட்டதும் புரிகள் பிரிந்துகொண்டன. சில இடங்களில் நடுப்புரி பிதுங்கி வெளியே வந்தது. இதற்கு விடை தந்தவர், பொள்ளாச்சிக்கு அருகே தென்னை நார்க் கயிறு திரிக்கும் தொழிலில் தம் ஆயுளைக் கழித்த அம்மா. என் கம்பிகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "புரிக்கு ஒரு பக்கம் முறுக்கு, கயித்துக்கு மறுபக்கம் முறுக்கு, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கும் கண்ணு. நீ புரிக்கு முறுக்குப் பத்தாம வெச்சிருக்கற" என்றார். தனியாக விட்டால் சுருண்டுகொள்ளும் அளவுக்குப் புரியை முறுக்கேற்ற வேண்டும்; அது அவிழப் பார்க்கும் வேகமே கயிற்றை இறுக்கிப் பிடிக்கும். புரிகள் ஒன்றோடொன்று சிக்காமல் வந்து சேர்வதற்காக அவர் பயன்படுத்தும் காடி வெட்டிய மரக்கட்டையைப் பார்த்து, ஒரு சட்டைப் பொத்தானில் நடுவே ஒன்றும் சுற்றிலும் ஆறுமாகத் துளையிட்டு எனக்கான கட்டையைச் செய்துகொண்டேன். ஒரு முனையில் நான் கை டிரில்லைச் சுற்ற, மறுமுனையை என் மகள் இழுத்துப் பிடித்துக்கொள்ள, பொத்தான் மெல்ல நகர நகர அதன் பின்னால் கயிறு உருவாகிக்கொண்டே வந்தது. 5 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று என்ற கணக்கை மகள்தான் அளவுகோலை வைத்துச் சரிபார்த்தாள். நான்காவது கயிறு தேறியது.

கோவை ராஜ வீதிப் பக்கத்தில் நகைப் பட்டறை வைத்திருக்கும் பத்தர் ஐயாவுக்கும் என் வணக்கம். முறுக்கேற முறுக்கேறச் செம்பு விறைத்துவிடுகிறது. அந்த விறைப்பைத் தணிக்கும் வித்தையை அவர் தம் ஊதுகுழலால் காட்டினார். பட்டறையின் விளக்கை அணைத்துவிட்டு, கயிற்றை ஓரிடத்திலும் நிறுத்தாமல் சுடரின் நுனியில் நகர்த்திக்கொண்டே போய், மங்கிய சிவப்புத் தலைகாட்டிய கணமே சுடரை விலக்கினார். இரும்பைச் சூட்டோடு நீரில் இட்டால் இறுகிவிடும். செம்பை இட்டால் கேடில்லை என்று விளக்கினார். கம்பியின் வார்னிஷ் எரிந்து படிந்த கரியைப் போக்கப் புளிக்கரைசல் போதும் என்றதும் அவரே. அப்படி ஊறி வெளியே வந்த கயிற்றை விரலில் தொங்கவிட்டபோது, அது சுருளாமல், நிமிராமல், தளர்ந்து கீழே தொங்கியது. பெரியவர் சொன்ன கனம் அதுவே. வெட்டுமுன் வெட்டுமிடத்தில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் வைத்தால் முனை பிரியாது என்பதையும் அவரிடமே கற்றேன்.

எஞ்சியவை நானறிந்த வேலைகள்தாம். முனை வளையங்களில் துளையிட்டுக் கயிற்றைப் பொருத்தினேன். வளையங்களுக்கு டாங்கியின் நிறத்தையே பூசினேன். கயிற்றுக்குக் கறுப்பும் பழுப்பும் கலந்த நிறம் தந்து, மேடான இடங்களில் பென்சில் கரியை விரலால் தேய்த்தேன். கிரீஸ் ஊறிய கயிறு செங்காவியாகத் துருப்பிடித்துக் கிடக்காது என்பதை ரிக் அண்ணன் தந்த துண்டே காட்டிக்கொண்டிருந்ததால், துருவை மிகக் குறைவாகவே வைத்தேன்.

ஞாயிறு மாலை டாங்கியைப் பெரியவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். வெகுநேரம் பேசாமல் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலின் நகத்தால் கயிற்றை மெல்லத் தடவி, "இப்போ ரோப்புங்க" என்றார். தொடர்ந்து தம் வலது உள்ளங்கையை விரித்து, அறுந்த கம்பி ஏறிய பழைய தழும்பைக் காட்டி, வெறுங்கையால் வயர் ரோப்பைத் தொடவே கூடாது, தோல் கையுறை எப்போதும் கயிற்றின் பக்கத்திலேயே இருக்கும் என்று சொன்னார்.

ஐயா, மெல்லிய ஈயத்தாளில் ஒரு சோடி கையுறை வெட்டி வைத்திருக்கிறேன். வண்ணம் காய்ந்ததும் வரும் ஞாயிறு கொண்டுவருகிறேன். எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

என்றும் நன்றியுடன்,
கோவையிலிருந்து டாங்கி மாதிரி செய்யும் உங்கள் தம்பி