பொருள்: என் பேத்தியின் சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ் என்ற கிருமி) பரிசோதனையில் நடந்த அலட்சியம்

மதிப்புக்குரிய பரிசோதனைக்கூட நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். போனில் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டேன்.

என் பேத்திக்குப் பிறந்தவுடன் செய்த செவிப் பரிசோதனையில் இடது காது தேறவில்லை. சிறுநீரில் அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சி.எம்.வி. பி.சி.ஆர். சோதனை எடுக்கச் சொன்னார் டாக்டர். 21 நாளுக்குள் எடுத்தால்தான் கிருமி தாய் வயிற்றிலேயே தொற்றியதா, பிறகு தாய்ப்பாலில் வந்ததா என்று தெரியும். இது உங்களுக்குத் தெரியாததா? உங்கள் தொழிலே இதுதானே.

19ஆம் நாள், சனிக்கிழமை, பச்சை உடம்புக்காரியையும் பிள்ளையையும் டாக்சியில் ஈப்போவுக்குக் கூட்டி வந்தேன். பிள்ளையின் சிறுநீரைப் பிடிக்கும் பை இல்லையாம், திங்கட்கிழமை வரவேண்டுமாம். நாள் கணக்கைச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல், "நிறைய பேர் உடம்புல சும்மா தூங்குற கிருமி அங்கிள், இதுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?" என்றார். பெரியவர்கள் உடம்பில் தூங்கும். கருவில் இருக்கும் பிள்ளையின் காதைப் பறிப்பதும் அதே கிருமிதான். என் மகள் அங்கேயே அழுதாள். அந்தப் பெண் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். 30 வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவன் நான். எந்தக் கிராணியும் என்னை அப்படி நடத்தியதில்லை.

அதற்கு முன்பே 9ஆம் நாள் வந்தோம். சீட்டில் சிறுநீர் என்று இருக்க, பிஞ்சுக் கையில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்று ஒரு தாள் வந்தது. அது தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்த எதிர்ப்பொருளாகவே இருக்கலாம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதற்கும் 160 வெள்ளி வாங்கினீர்கள்!

சரி, திங்கட்கிழமை மாதிரி கொடுத்தோம். இன்று வியாழன், புட்டி கசிந்துவிட்டது என்று போன். 24ஆம் நாள் ஆகிவிட்டது. இனி பாசிட்டிவ் வந்தாலும் எப்போது தொற்றியது என்று யார் சொல்வது? மருந்து வேண்டுமென்றால் முதல் மாதத்திலேயே தொடங்குவது நல்லதாம். அவள் வாழ்க்கையையே பாழாக்கிவிட்டீர்கள்.

தயவுசெய்து பணத்தைத் திருப்பித் தாருங்கள். எந்தெந்த நாளில் எதை எடுத்தீர்கள், அது என்ன ஆனது என்று டாக்டருக்குக் கடிதம் கொடுங்கள். அந்தப் பெண் என் மகளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். 7 நாள் பொறுப்பேன். அப்புறம் எல்லாச் சீட்டுகளோடும் சுகாதார அமைச்சுக்கும் பயனீட்டாளர் சங்கத்துக்கும் போவேன்.

எதற்கும் மறுபடி எடுத்துவிடச் சொல்கிறார் டாக்டர். நாளைக் காலை வருகிறோம். பையை எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
குழந்தையின் தாத்தா